ஆள் குடியிருக்கும் வீடு விற்பனைக்கு

"வலது பக்கம் பாக்கெட் வச்ச சட்டையை எங்கேயாவது பாத்திருக்கியாடா?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"தினமும் பாக்கறேன் மேடம். கண்ணாடியில," என்றான் அவருடைய உதவியாளன் பல்பு.

காரின் பின்சீட்டில் இருந்த டெய்லரக்கா சிரிக்கவில்லை. தன் செல்போனை முன்னால் நீட்டினாள். அதில் ஒரு விளம்பரம். 'ஆள் குடியிருக்கும் வீடு விற்பனைக்கு! வாங்கிய மாதமே வாடகை!' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே ஒரு பால்கனி, துணி காயும் கொடி, கொடியின் நடுவே நீலக் கட்டம் போட்ட சட்டை. பாக்கெட் வலது மார்பில்.

"படத்தைத் திருப்பிப் போட்டிருப்பாங்கக்கா," என்றான் பல்பு.

"அப்படின்னா பக்கத்துல தொங்கற பனியன் எழுத்தும் திரும்பியில்ல இருக்கணும்?" என்றார் சர்வேயரம்மா. "நேராத்தானே இருக்கு?"

பல்பு எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஒரு வழக்குக்கு ஒரு தடவையாவது இப்படி பல்பு வாங்காமல் அவன் வீடு திரும்பியதில்லை. பெயரே அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சர்வேயரம்மாவின் பெயர் வேறு கதை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்த்து, எரிந்ததா எரிக்கப்பட்டதா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பெயர் போகவில்லை.

"நான் தச்ச சட்டை அது," என்றாள் டெய்லரக்கா. "அவருக்கு இடது கைப் பழக்கம். பாக்கெட் வலது பக்கம் இருந்தாத்தான் பேனா எடுக்க வசதி. கல்யாணம் ஆனதுலேருந்து அவருக்கு எல்லாச் சட்டையும் அப்படித்தான் தைக்கிறேன். ஊர் உலகத்துல வேற யாருக்கும் தச்சதில்ல."

அவள் வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். போன வருஷம் கடன் வாங்கி, வாடகைக்கு விடுவதற்கென்றே அந்த விளம்பரத்தில் இருந்த இதே கட்டடத்தில் ஒரு வீடு வாங்கினார். வாங்கிய கையோடு, வேறு ஊரில் பெரிய கடையில் வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போனார். வாடகை மாதாமாதம் ஒழுங்காக வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனும் வந்தது. ஆள் மட்டும் வரவே இல்லை.

"சட்டைக்குப் பக்கத்துல ஒரு நைட்டி தொங்குது. சின்னப் பொண்ணு கவுன் ஒண்ணு தொங்குது," என்றாள். "இதுக்கு மேல நான் வாய் விட்டுச் சொல்லணுமா மேடம்?"

"வேண்டாம். பாத்துட்டு அப்புறம் பேசலாம்," என்றார் சர்வேயரம்மா. "நானும் இவனும் முதல் கோஷ்டியோட போறோம். நீ மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு அடுத்த கோஷ்டியோட வா. ஒரே வீட்டைப் பத்தி ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே கதையைச் சொல்றாங்களான்னு பாத்துடலாம். உள்ள எது நடந்தாலும் நான் கூப்பிடற வரைக்கும் வாயைத் திறக்காதே."

பல்பு காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தான். நல்ல உயரமான கட்டடம். ஆனால் அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பஸ் நிற்கும் இடம் இல்லை. சாலையே அந்த வாசலோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் போக யாருக்கும் வேலையில்லை என்பதுபோல.

"மேடம், இங்க ஒரு டீ குடிக்கணும்னாகூட லீவு போட்டுட்டுத்தான் போகணும்," என்றான்.

வாசலிலேயே வாடகை வாத்தியார் நின்றிருந்தார். வீடு வாங்கி வாடகைக்கு விடுவது பற்றி யார் என்ன கேட்டாலும் வீடியோவில் பதில் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரை வாங்கியவர். வெள்ளைச் சட்டை, வழவழப்பான சிரிப்பு. கையில் ஒரு தட்டு.

"செல்போனை இதுல வச்சிடுங்க. குடியிருக்கறவங்க தனிமையை நாம மதிக்கணும் இல்லையா?"

போன்கள் தட்டுக்குப் போயின. வாங்க வந்த மற்றவர்களை வாத்தியாரின் ஆளான ஓர் இளைஞர் படிவம் நிரப்பக் கீழ்த்தள அலுவலகத்துக்கு அழைத்துப் போக, விளம்பரத்தில் வந்த வீட்டையே பார்க்கக் கேட்ட, அத்தையும் மருமகனுமாக நடித்த இந்த இருவரையும் வாத்தியாரே லிஃப்டில் ஏற்றினார். தன் சாவி அட்டையை வைத்ததும்தான் லிஃப்ட் அசைந்தது. பக்கத்திலிருந்த மாடிப்படிக் கதவில் பூட்டு தொங்கியதைப் பல்பு கவனித்தான்.

"கேள்வி இருந்தா கூச்சப்படாம கேளுங்கம்மா," என்றார் வாத்தியார்.

"வாடகைக்கு வீடு வாங்கறவன் முதல்ல எதைப் பாக்கணும்?"

"வாடகை கடன் தவணையை அடைக்குதான்னு பாக்கணும். இங்க அடைக்கும். நீங்க கையை வீசிக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

"குடியிருக்கறவங்க திடீர்னு காலி பண்ணிட்டா? வீடு சும்மா கிடந்தாலும் தவணை கட்டித்தானே ஆகணும்?"

"இங்க யாரும் காலி பண்ண முடியாதும்மா." சொன்னவர் ஒரு கணம் நிறுத்தி, "பண்ண மாட்டாங்க. அவ்வளவு பிடிச்சுப்போச்சு," என்று திருத்தினார்.

சர்வேயரம்மா பல்புவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முழங்கை அவன் விலாவில் இடித்தது.

ஏழாவது மாடியில் ஒரு கதவை அதே அட்டையால் திறந்து, உள்ளே சுவரில் இருந்த செருகலில் அட்டையைச் செருகினார் வாத்தியார். அப்போதுதான் விளக்கே எரிந்தது. சோபாவில் இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றாள். பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி.

"வாங்க. எங்களுக்கு இந்த வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. காத்து, வெளிச்சம் எல்லாம் நல்லா இருக்கு," என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்காமலே.

"பள்ளிக்கூடத்துல மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கற மாதிரியே இருக்கு," என்று அத்தை காதில் முணுமுணுத்தான் மருமகன்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

அவளை முந்திக்கொண்டு வாத்தியார், "நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து உள்ள தூங்கறார். தொந்தரவு பண்ண வேண்டாம்," என்று மூடியிருந்த படுக்கையறைக் கதவைக் காட்டினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அந்தப் பெண் சமையலறைக்குப் போனாள். ஓர் அலமாரியைத் திறந்தாள். மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். மூன்றாவதில்தான் டம்ளர் அகப்பட்டது. பல்பு அதற்குள் பால்கனிக்கு நழுவியிருந்தான். கொடியில் அதே நைட்டி, அதே கவுன், அதே பனியன், அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. வெயில் பட்ட பக்கம் எல்லாமே வெளுத்துப் போயிருந்தன. திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் புத்தம்புது நிறம். கிளிப்பை எடுத்தால் அதனடியில் அதன் அச்சாகவே கரு நீலம்.

"அத்தை, இவங்க வீட்ல துணி இன்னும் காயலை போல. மாசக்கணக்கா தொங்குது!"

அவன் கொடியிலிருந்த அந்தச் சட்டையின் பாக்கெட்டைத் தொட்டதுதான் தாமதம், வாத்தியாரின் சிரிப்பு நின்றது. "கீழே அடுத்த கோஷ்டி வந்துட்டாங்க. ரெண்டு நிமிஷம்," என்றபடி அட்டையைச் செருகலிலிருந்து உருவிக்கொண்டு வெளியேறினார். கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது.

பல்பு ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினான். திருகித் திருகிப் பார்த்தான். அது அசையக்கூட இல்லை.

"உள்ளேருந்து திறக்காது தம்பி," என்றாள் அந்தப் பெண். பதற்றமே இல்லாத குரல்.

"எப்பவுமேவா?"

"அவர் வந்து திறக்கற வரைக்கும்."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா?"

அவள் சிறுமியின் தலையை வருடிக்கொண்டிருந்தாள். அடைத்த அறைக்குள் புழுக்கம் ஏறியது. பால்கனியிலிருந்து கத்தினால் கேட்க கீழே ஒரு ஜீவன் கிடையாது. பல்பு வழக்கமாக இந்த மாதிரி நேரங்களில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். இன்று மறுபடி கைப்பிடியையே திருகப் போனான்.

சர்வேயரம்மா சிறுமியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "உங்கப்பாவுக்கு எந்த கலர் பிடிக்கும் கண்ணு?"

சிறுமி யோசித்தாள். "இந்த அப்பாவுக்கா? முன்னாடி இருந்த அப்பாவுக்கா?"

அம்மாக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. நாங்க வீடு வாங்க வந்தவங்க இல்ல," என்றார் சர்வேயரம்மா. "உங்க வீட்லயே டம்ளர் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியலை. துணி காயப் போட்டீங்க, எடுக்கவே இல்லை. இது நீங்க வாழற வீடு இல்ல, நீங்க நடிக்கிற வீடு. யார் நீங்க?"

"நர்ஸா இருந்தேன்." கைகளுக்குள்ளிருந்தே குரல் வந்தது. "இவ அப்பா தவறிப் போனதும் கொஞ்சம் பணம் வந்துது. வாடகை வந்தா பொண்ணை வளர்த்துடலாம்னு, மீதிக்குக் கடன் வாங்கி இங்க ஒரு வீடு வாங்கினேன். அஞ்சாவது மாடியில. வாங்கறப்ப ஒரு குடும்பம் குடியிருந்தது, சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. நான் கையெழுத்துப் போட்ட மறுவாரம் வீடு காலி. அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரலை. இந்த வனாந்தரத்துக்கு யார் குடிவருவாங்க? தவணை கட்ட முடியாம இவர்கிட்டயே வந்து நின்னேன். 'கவலைப்படாதீங்க, தவணையை நான் பாத்துக்கறேன். நீங்க இங்க வந்து குடித்தனக்காரங்க மாதிரி இருங்க, போதும்'னார்."

"இல்லேன்னா?"

"தவணை நின்னுடும். நான் ஈடு வச்சது எங்கம்மா இருக்கற வீட்டை."

பல்பு கதவை விட்டுத் திரும்பினான். "அப்படின்னா இங்க குடியிருக்கறவங்க எல்லாம்?"

"குடியிருக்கறவங்கன்னு இங்க ஒருத்தரும் இல்ல தம்பி," என்றாள் அவள். "இந்தக் கட்டடத்துல இருக்கறது எல்லாமே வீட்டு ஓனர்தான்."

சர்வேயரம்மா எழுந்து படுக்கையறைக் கதவருகே போனார். தட்டவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"டெய்லரக்கா வீட்டுக்காரரே, உங்க சட்டை கொடியில தொங்குது. தூங்கினது போதும். வெளிய வாங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவை இடது கையால் திறந்துகொண்டு ஒரு மனிதர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலே படாத முகம்.

"அவளுக்குத் தெரியுமா?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க வேற ஒருத்தியோட குடும்பம் நடத்தறீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே நினைச்சுக்கட்டும்மா. அது இதைவிடத் தேவலை. அவ அப்பா அவளுக்குன்னு விட்டுட்டுப் போன தையல் கடையை ஈடு வச்சிருக்கேன். என்ன ஏதுன்னு கேக்காம கையெழுத்துப் போட்டா. அவ்வளவு நம்பிக்கை. என் வீட்டுக்கும் ஆள் வரலை. அவளுக்கு மாசாமாசம் போற வாடகை இருக்கே, அது இந்த வேஷத்துக்கு வாத்தியார் எனக்குக் குடுக்கற கூலி. ஞாயித்துக்கிழமை அவர் முன்னாடி நின்னுதான் போன் பேசுவேன். எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது, சொல்லுங்க?"

"ஏங்க, வீடு வாங்கறதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல ஒரு நடை நடந்து பாத்தீங்களா?" என்று சர்வேயரம்மா கேட்டார். திட்டுகிற குரலில் அல்ல. "இங்க யார் வந்து இருப்பாங்க, எங்க வேலைக்குப் போவாங்க, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்கன்னு?"

"உள்ள ஆள் இருந்தாங்களேம்மா. ஆள் இருக்கற வீட்டைப் பாத்து யாருக்குச் சந்தேகம் வரும்?"

அப்போது படுக்கையறைச் சுவரில் யாரோ தட்டும் சத்தம். டொக், டொக். டெய்லரக்காவின் கணவரான அந்த மருந்துக்கடைக்காரர் பழக்கிய பிராணிபோல நிமிர்ந்தார்.

"என்னைக் கூப்பிடறார். பக்கத்து வீட்டுக்கு வாங்க வந்தவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கார். அங்க நான் தனி ஆள், கல்யாணம் ஆகாதவன். படுக்கையறை பால்கனியில ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு பலகைக் கதவு இருக்கு. அது வழியாப் போவேன். நீங்க என்னைப் பாத்தது அவருக்குத் தெரியாது."

"அந்தப் பக்கத்து வீட்டு வாசக்கதவு இப்ப திறந்திருக்கா?"

"ஜனங்க உள்ள இருந்தா திறந்துதான் இருக்கும். விளக்கு எரியறதுக்கு அட்டையையும் செருகியிருப்பார்."

சர்வேயரம்மா பல்புவைப் பார்த்தார். "அட்டை உன் வேலை."

"பல்புதானே மேடம் அணைக்கணும்? அது குலத்தொழில்," என்றான்.

மருந்துக்கடைக்காரர் நகரவில்லை. "நான் போய் என்ன சொல்ல? வாயைத் திறந்தா நாளைக்கே தவணை நிக்கும். அவ கடை போயிடும்."

"திறக்கலைன்னா இன்னிக்கு அங்க நிக்கறவங்கள்ல யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போடுவாங்க. அடுத்த மாசம் அவங்களும் இங்க வந்து சோபாவுல உக்காருவாங்க," என்றார் சர்வேயரம்மா. "உங்களை நான் பிடிச்சுத் தள்ள மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

சுவரில் மறுபடி தட்டும் சத்தம். இந்த முறை கொஞ்சம் எரிச்சலாக.

அவர் அந்த நர்ஸைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். பிறகு பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். பின்னாலேயே மற்ற நால்வரும்.

பக்கத்து வீட்டின் கூடம் நிறைய ஆட்கள். இளம் தம்பதி ஒன்று, ஓய்வு பெற்ற ஒருவர், கைப்பையை நெஞ்சோடு அணைத்த ஒரு பெண். எல்லோருக்கும் பின்னால், மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் தரையோடு ஒட்டி நின்றுவிட்டார்.

வாத்தியார் உள்ளறைப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, "இவர்தாங்க இந்த வீட்ல வாடகைக்கு இருக்கறவர். எப்படி இருக்குன்னு நீங்களே கேட்டுக்கங்க," என்று பெருமையாகக் கை காட்டினார்.

பல்பு சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருந்தான்.

"நான் வாடகைக்கு இல்லைங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "நானும் உங்களை மாதிரி வீடு வாங்க வந்தவன். ஒன்பதாவது மாடியில எனக்கு ஒரு வீடு இருக்கு. அதுல ஆளே கிடையாது. யாரும் வர மாட்டாங்க. என் பொண்டாட்டி கடையை ஈடு வச்சுட்டு, அவகிட்ட பொய் சொல்லிட்டு, இங்க வேஷம் கட்டிக்கிட்டு நிக்கறேன். தயவுசெஞ்சு யாரும் கையெழுத்துப் போடாதீங்க."

வாத்தியார் திரும்பினார். மருந்துக்கடைக்காரருக்குப் பின்னால் சர்வேயரம்மாவையும் நர்ஸையும் கண்டதும் முகத்தில் ரத்தம் வற்றியது. "இவருக்கு மனசு சரியில்லைங்க, பாவம்," என்று சமாளித்தபடி வாசல் பக்கம் நகர்ந்தார். அந்தக் கணம் விளக்கு அணைந்தது.

"அட்டையைத் தேடறீங்களா சார்?" என்றான் பல்பு, வெளி வராந்தாவிலிருந்து. "எங்கிட்ட பத்திரமா இருக்கு."

அதன் பிறகு நடந்ததைப் பல்பு பல பேருக்குப் பல விதமாகச் சொல்லியிருக்கிறான். உண்மையில் நடந்தது சாதாரணம்தான். அட்டை இல்லாமல் லிஃப்ட் வாத்தியாரை ஏற்றவில்லை. படிக்கட்டுக் கதவில் அவர் போட்ட பூட்டே தொங்கியது. பல்பு அட்டையோடு மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு கதவையும் திறந்தான். திறந்த கதவுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. வராந்தாவில் வரிசையாக நின்று அவரைப் பார்த்தார்கள். அவர்தான், "உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பல்பு கீழே போய்த் தட்டிலிருந்து போன்களை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டான்.

போலீஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு சர்வேயரம்மா எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார். "தனித்தனியா போய்க் கெஞ்சாதீங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே வக்கீலைப் பிடிச்சு, கடன் குடுத்த இடத்துக்கு ஒண்ணாப் போங்க. ஏமாத்தி வாங்கின கையெழுத்துன்னு சொல்லி அவகாசம் கேளுங்க. கடன் இன்னிக்கே மறைஞ்சுடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அது இருக்கும். ஆனா இனிமே இதுக்காக யாரும் யாருக்கும் புருஷனா நடிக்க வேண்டியதில்ல."

டெய்லரக்கா இதுவரை வாயைத் திறக்கவே இல்லை. மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை. நர்ஸ்தான் அவளிடம் வந்து, "அக்கா, அவர் ஹால்ல பாய் போட்டுத்தான் படுப்பார். என் பொண்ணு மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தாள். டெய்லரக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தெரியுதும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பிறகு கணவனிடம் திரும்பினாள். பல்பு அவர் கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தான்.

"நம்ம வீட்டைத் திறந்து காட்டுங்க," என்றாள். "நான் இன்னும் பாக்கவே இல்லை."

ஒன்பதாவது மாடி. கதவு திறந்ததும் சிமெண்ட் வாடை அடித்தது. விளக்கு மாட்டும் இடத்தில் வெறும் ஒயர். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. டெய்லரக்கா ஒவ்வோர் அறையாக நடந்தாள். தூசியில் அவள் காலடி பதிந்தது. சமையலறைக் குழாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் காற்று இருமிவிட்டு, துருப்பிடித்த தண்ணீர் வந்தது. அது தெளியும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்கா?" என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. தோள்கள் குலுங்கின.

"என் கடை போனா போகுதுன்னு சொல்ல மாட்டேன். அது எங்கப்பா குடுத்தது. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்றாள் அவள். "அதுக்காக நீங்க அந்தக் கூண்டுல உக்காந்து, எனக்கு வாடகைன்னு அனுப்பிக்கிட்டு இருந்ததையும் மறக்க மாட்டேன். இப்ப நாம குடியிருக்கற வாடகை வீட்டைக் காலி பண்ணிடலாம். அந்தக் காசு தவணைக்கு ஆகும். யாரும் வராத வீடுன்னா நாமதான் வந்தாகணும்."

"இங்க ஒண்ணுமே இல்லையேம்மா. பஸ்கூட வராது."

"அதை வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவள் ஜன்னலருகே போய் அந்தக் காகிதத்தை நகத்தால் கீறி உரிக்க ஆரம்பித்தாள். அது லேசில் வரவில்லை. துண்டு துண்டாகக் கிழிந்தது. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்ற ஓரத்துக்குப் போனார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.